தைவான்: கதவைத் திறந்த வாரிசு

அடக்குமுறையில் வளர்ந்த மகனே அதற்கு முற்றுப்புள்ளி வைத்தார். மனமாற்றமா, நிர்ப்பந்தமா?

1986 செப்டம்பர் 28. தைபேயின் கிராண்ட் ஹோட்டலில் நூற்றுக்கு மேற்பட்ட அதிருப்தியாளர்கள் கூடினார்கள். தேர்தல் வேட்பாளர்களைப் பரிந்துரைக்கத்தான் கூட்டம். ஆனால் கலையும்போது ஜனநாயக முற்போக்குக் கட்சி பிறந்திருந்தது. ராணுவச் சட்டப்படி புதுக் கட்சி தொடங்குவது குற்றம். கைது உத்தரவு எந்த நிமிடமும் வரலாம் என்று எதிர்பார்த்தார்கள். வரவில்லை.

அந்த உத்தரவைப் போட மறுத்தவர் அதிபர் சியாங் சிங்-குவோ. சீனாவில் மாவோவிடம் தோற்று, 1949ல் தைவானுக்கு வந்து ஆட்சி நடத்திய சியாங் கை-ஷேக்கின் மகன். இளமையில் 12 ஆண்டுகள் சோவியத் யூனியனில் இருந்தவர். 1927ல் கம்யூனிஸ்ட்களைத் தந்தை வேட்டையாடியபோது அவரைப் பகிரங்கமாகக் கண்டித்தவர். 1937ல் ரஷ்ய மனைவியோடு நாடு திரும்பியதும் தந்தையின் வலது கரமானார்.

தைவானில் அவருக்குக் கிடைத்த வேலை உளவு அமைப்புகளை மேய்ப்பது. ஆயிரக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள். பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1972ல் பிரதமர், 1978ல் அதிபர் என உயர்ந்த பின்னும் பிடி தளரவில்லை. 1979 டிசம்பரில் காவோசியூங் நகரில் மனித உரிமைப் பேரணி நடத்திய தலைவர்களை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தியது இவர் அரசுதான்.

பின் ஏன் மாறினார்? 1971ல் ஐ.நா. இடம் பறிபோனது. 1979ல் அமெரிக்கா அங்கீகாரத்தை பெய்ஜிங்குக்கு மாற்றியது. 1984ல், அதிபரை விமர்சித்து வாழ்க்கை வரலாறு எழுதிய ஹென்றி லியூ கலிபோர்னியாவில் கொல்லப்பட்டார். தைவான் ராணுவ உளவுத் தலைவருக்கே அதில் தொடர்பு என்று அம்பலமானதும் வாஷிங்டன் கொதித்தது. உள்நாட்டிலோ, தொழில் வளர்ச்சியில் உருவான படித்த நடுத்தர வர்க்கம் வாய்ப்பூட்டைச் சகிக்கத் தயாராக இல்லை. 1986 பிப்ரவரியில் பிலிப்பைன்ஸின் மார்கோஸ் ஓட்டம் பிடித்தது இன்னொரு எச்சரிக்கை.

நீரிழிவு நோயால் தளர்ந்து, சக்கர நாற்காலியில் நடமாடிய சிங்-குவோ வேகம் காட்டினார். தன் குடும்பத்திலிருந்து யாரும் அதிபராக மாட்டார்கள் என்று 1985லேயே அறிவித்திருந்தார். 38 ஆண்டு ராணுவச் சட்டம் 1987 ஜூலை 15ல் விலகியது. பிரிந்த உறவினரைப் பார்க்க சீனா செல்ல நவம்பரில் அனுமதி கிடைத்தது. 1988 ஜனவரி 1ல் புதிய நாளிதழ்களுக்கு இருந்த தடை நீங்கியது. 12 நாட்களில் அவர் இறந்தார்.

முழு ஜனநாயகத்தை அவர் தந்துவிடவில்லை. 1940களில் சீனாவில் தேர்வானவர்களே நாடாளுமன்றத்தை 1991 வரை நிரப்பியிருந்தார்கள். அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தது 1996ல்தான்.

2000 தேர்தலில் சியாங்குகளின் கோமின்டாங் கட்சி ஆட்சியை இழந்தது. வென்ற அதிபர் சென் ஷுய்-பியான், காவோசியூங் வழக்கில் வாதாடிய வக்கீல். துணை அதிபர் அனெட் லூ, அதே வழக்கில் சிறை சென்றவர். இருவரும் கிராண்ட் ஹோட்டலில் பிறந்த அந்தக் கட்சியைச் சேர்ந்தவர்கள்.