கடாரத்துப் பழங்கோயில்களைக் காண ஒரு நாள்



பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை எங்காவது அழைத்துப் போக வேண்டும். செலவும் கைக்கு அடங்க வேண்டும். அப்படி எண்ணும் தோட்டத்துக் குடும்பங்களுக்கு ஏற்ற இடம் கெடாவிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கு. தமிழ் ஏடுகள் கூறும் கடாரம் இந்தக் கெடாவே என்பது ஆராய்ச்சியாளர் கருத்து.

பழங்காலத்தில் ஜெராய் மலையை அடையாளமாகக் கொண்டு கப்பல்கள் இக்கரையை அணுகின. காற்று திசை மாறும்வரை வணிகர்கள் இங்கே தங்கினார்கள். வழிபடக் கோயில்களும் எழுந்தன. அவற்றில் பௌத்தக் கோயில்களும் உண்டு, சைவக் கோயில்களும் உண்டு. 5-ஆம் நூற்றாண்டில் புத்தகுப்தன் என்ற மாலுமித் தலைவன் பொறித்த கல்லொன்று, 1834-இல் செபராங் பிறையில் கிடைத்தது. அதில் ஒரு தூபியின் உருவம் உள்ளது. பிற்காலத்தில் கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரை எழுப்பினான். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கியவன் இராசராச சோழன். அவன் மகன் இராசேந்திரனே 1025-இல் கடாரத்தின்மீது படையெடுத்தான். நட்பும் போரும் இரண்டும் இக்கடல் வழியே வந்தன.

போகும் வழியைப் பார்ப்போம். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் பிடித்தால் தலைக்கு ஆகும் செலவு குறையும். ரயிலில் வருவோர் சுங்கை பட்டாணியில் இறங்கி, மெர்போக்குக்கு வண்டி அமர்த்திக்கொள்ளலாம். கட்டுச்சோறும் தண்ணீரும் கொண்டுபோவது நல்லது. அருங்காட்சியகம் திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அருங்காட்சியகத்தை ஒட்டி நிற்பது புக்கிட் பத்து பஹாட் சண்டி. சண்டி என்றால் பழங்கோயில். இது சைவக் கோயில். 1960-ஆம் ஆண்டு வாக்கில் சீரமைக்கப்பட்டது. கல் அடித்தளம் மட்டுமே இருக்கிறதே என்று பிள்ளைகள் கேட்பார்கள். தூண் நின்ற கற்களை அவர்களுக்குக் காட்டுங்கள். மரத்தூணும் கூரையும் மக்கிப் போயின. கல் மட்டும் நிலைத்தது. வேறிடங்களிலிருந்து பெயர்த்து வந்து அமைத்த சண்டிகளும் அவ்வளாகத்தில் உள்ளன. ஜெராய் மலைக்கு வடக்கே, யான் வட்டாரத்துப் புக்கிட் சோராசில், 2023-இல் நடந்த அகழாய்வில் ஆளுயரப் புத்தர் சிலைகள் கிடைத்தன. அங்கே அனுமதியின்றிப் போகக் கூடாது.

ஒன்றை மறக்க வேண்டாம். 2013-இல், வீடமைப்புக்காக நிலத்தைத் திருத்தியபோது, 11-ஆம் எண் சண்டி இடிக்கப்பட்டது. ஆயிரம் ஆண்டு நின்ற கல்லைச் சமன்படுத்த நெடுநேரம் வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட எச்சங்கள் பல தோட்ட நிலங்களிலும் கம்பங்களிலும்தான் கிடைத்தன. அந்த மண்ணில் அன்றாடம் நடப்பவர்கள் நாமே. வெட்டும் மண்ணில் அடுக்கிய செங்கல்லோ செதுக்கிய கல்லோ தெரிந்தால் வீட்டுக்கு எடுத்துவர வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டு, அருங்காட்சியகத்துக்குத் தெரிவிப்போம். கல் கிடந்த இடத்தை வைத்துத்தான் அதன் வரலாற்றை அறிய முடியும். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வைப்போம்.