நற்கருணையில் ஆண்டவர் எப்படி இருக்கிறார்?

பத்தாம் வகுப்பு மாணவி

நம் பள்ளிச் சிற்றாலயத்தின் பீடத்தருகே ஒரு சிறு விளக்கு இரவும் பகலும் எரிகிறது. அதனருகே உள்ள நற்கருணைப் பேழையில் வெண்மையான வட்ட அப்பங்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. கோதுமை மாவும் தண்ணீருமன்றி வேறெதுவும் சேராத, புளிப்பற்ற அப்பங்கள் அவை. அவற்றின் முன் அருட்சகோதரிகள் முழந்தாளிட்டு வணங்குகிறார்கள். "அங்கே யார் இருக்கிறார்?" என்று நம்முடன் படிக்கும் பிற சமயத் தோழியர் கேட்பதுண்டு. "இயேசு இருக்கிறார்" என்று நாமும் உடனே சொல்லிவிடுகிறோம். "எப்படி?" என்ற அடுத்த கேள்விக்கு விடை கூறுவதுதான் கடினம். என்னால் இயன்றமட்டும் அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், இந்நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். தாம் பாடுபடுவதற்கு முந்திய இரவில் இயேசு தம் சீடரோடு பந்தியமர்ந்தார். அப்பத்தை எடுத்துப் பிட்டு, அது தம் உடல் என்றார். இரசக் கிண்ணத்தை எடுத்து, அது தம் இரத்தம் என்றார். தம் நினைவாக இதைச் செய்யும்படியும் கட்டளையிட்டார். இந்நிகழ்ச்சியைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள எழுத்துகளில் மிகப் பழையது, புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகமாகும். நான்கு நற்செய்திகளுக்கும் முன்பே எழுதப்பட்டது அது. அருளப்பர் நற்செய்தி 6ஆம் அதிகாரத்திலோ, தம் சதை மெய்யான உணவு என்று இயேசு கப்பர்நகூமில் போதித்தபோது பலர் முணுமுணுத்து விலகிப் போனதாகக் காண்கிறோம். "நான் உவமையாகத்தான் சொன்னேன்" என்று கூறி அவர் அவர்களைத் திருப்பி அழைக்கவில்லை என்பதைத் திருச்சபையின் ஆசிரியர்கள் நமக்குச் சுட்டிக்காட்டுகிறார்கள்.

ஆதிக் கிறிஸ்தவர்களும் இவ்வாறே நம்பினர். அந்தியோக்கியா நகரின் ஆயர் புனித இஞ்ஞாசியார், இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கொடிய விலங்குகளுக்கு இரையாக உரோமைக்குக் கொண்டு செல்லப்பட்டார். வழியில் அவர் எழுதிய திருமுகங்களில் ஒன்றில், நற்கருணை ஆண்டவருடைய சதை என்பதை ஏற்காதவர்களைக் கண்டிக்கிறார். ஏறக்குறைய 155ஆம் ஆண்டில் புனித யுஸ்தீன், உரோமைப் பேரரசருக்குக் கிறிஸ்தவ வழிபாட்டை விளக்கி எழுதியபோது, இதைச் சாதாரண உணவாக நாங்கள் உட்கொள்வதில்லை என்று தெரிவித்தார்.

சரி, "எப்படி?" என்ற கேள்விக்கு வருவோம். பதினோராம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டின் தூர் நகரைச் சேர்ந்த பெரெங்கார் என்ற அறிஞர் இதே கேள்வியை எழுப்பிப் பெரிய வாக்குவாதத்துக்குக் காரணமானார். அதன் பிறகு மறைவல்லுநர்கள் இதைக் குறித்து ஆழ்ந்து சிந்தித்தார்கள். 1215ஆம் ஆண்டில் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், அப்பமும் இரசமும் ஆண்டவரின் உடலாகவும் இரத்தமாகவும் பொருள்மாற்றம் அடைகின்றன என்று அறிவித்தது. பின்னர் புனித தோமாஸ் அக்குவினாஸ் அதைத் தெளிவாக விளக்கினார். திரிதெந்தின் பொதுச்சங்கம் 1551இல் அதனை உறுதிப்படுத்தியது.

அவ்விளக்கம் இதுதான். எந்தப் பொருளிலும் இரண்டைப் பிரித்தறியலாம். ஒன்று, அது இன்னதென்று ஆக்கும் உட்பொருள். மற்றொன்று நிறம், மணம், சுவை, எடை முதலிய குணங்கள். உங்களைச் சிறு குழந்தையாக இருந்தபோது எடுத்த நிழற்படத்தைப் பாருங்கள். முகம், உயரம், குரல் யாவும் இன்று மாறிவிட்டன. ஆனால் ஆள் மாறவில்லை. தோற்றம் மாறியும் உள்ளிருப்பவர் மாறவில்லை. நற்கருணையில் நிகழ்வதோ இதற்கு நேர்மாறானது. குருவானவர் திருப்பலியில் ஆண்டவருடைய வார்த்தைகளைக் கூறும்போது உட்பொருள் மாறுகிறது, குணங்கள் மாறுவதில்லை. இதனால்தான் "அப்ப இரச குணங்களில்" ஆண்டவர் இருக்கிறார் என்று நம் ஞானோபதேசம் கூறுகிறது.

"அப்படியானால் ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்க்கலாமே!" என்று விஞ்ஞானம் படிக்கும் நமக்குத் தோன்றும். மாப்பொருள் மீது அயோடின் கரைசலை விட்டால் கருநீல நிறம் தோன்றும் என்று படித்திருக்கிறோம். வசீகரம் செய்யப்பட்ட அப்பத்திலும் மாப்பொருளின் குணங்கள் அப்படியே இருக்கின்றன என்பதுதான் திருச்சபையின் போதனை. கோதுமையில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் சிலருடைய குடலுக்கு ஒவ்வாது. அவர்களுக்குத் திருப்பலி அப்பமும் தீங்கு செய்யும். ஆகவே குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்தை அவர்களுக்கு வழங்கவும், அல்லது அவர்கள் இரசத்தை மட்டும் அருந்தவும் திருச்சபை அனுமதிக்கிறது. ஆகையால் நாம் நம்புவது இரசாயன மாற்றத்தை அன்று. கண்ணும் நாவும் அறியாததை ஆண்டவருடைய சொல்லை நம்பி ஏற்கிறோம்.

கிறிஸ்தவர் அனைவரும் இதை ஒரே விதமாகக் கூறுவதில்லை. கீழைத் திருச்சபையினர் நம்மைப் போலவே உண்மையான மாற்றத்தை நம்புகிறார்கள். ஆனால் அது நிகழும் விதத்தை ஆராயாமல், மறைபொருள் என்று வணங்குகிறார்கள். மார்ட்டின் லூத்தர் பொருள்மாற்றம் என்ற விளக்கத்தை ஏற்கவில்லை. எனினும் அப்பத்தோடு ஆண்டவருடைய உடல் மெய்யாகவே இருக்கிறது என்பதில் உறுதியாக நின்றார். சுவிங்ளி என்பவரோ அது நினைவுச் சின்னமே என்றார். 1529இல் ஜெர்மனியின் மார்பர்க் கோட்டையில் இருவரும் சந்தித்து, பதினைந்து பொருள்களில் பதினான்கில் ஒன்றுபட்டும், இந்த ஒன்றில் ஒன்றுபட முடியாமல் பிரிந்தார்கள். விசுவாசிகள் தூய ஆவியின் வல்லமையால் கிறிஸ்துவில் மெய்யாகவே பங்குபெறுகிறார்கள் என்று கால்வின் போதித்தார். 1971இல் கத்தோலிக்க, ஆங்கிலிக்கன் மறைவல்லுநர் குழுவினர் விண்ட்சரில் வெளியிட்ட அறிக்கையில், நற்கருணையில் கிறிஸ்து மெய்யாகவே இருக்கிறார் என்று சேர்ந்து கூறினார்கள். ஒரே பந்தியில் நாம் இன்னும் ஒன்றாக அமர முடியவில்லை. அந்த வருத்தம் நமக்கும் நம் பிற சபைத் தோழியருக்கும் பொதுவானது.

"இது கோயிலில் தரும் பிரசாதம் போன்றதா?" என்றும் சிலர் கேட்கிறார்கள். இறைவனுக்குப் படைத்ததை அவருடைய அருளாகப் பெற்றுக்கொள்வது பிரசாதம். அதைப் பெறுவோரின் பக்தியை நாம் மதிக்க வேண்டும். நற்கருணையிலோ, ஆண்டவர் தம்மையே உணவாகத் தருகிறார் என்பது நம் விசுவாசம். ஒற்றுமை இருப்பினும் வேற்றுமை இதுவே.

தோழியரே! இத்தனை விளக்கங்களையும் மனப்பாடம் செய்தால் மட்டும் போதுமா? புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு இதைப் பற்றி எழுத நேர்ந்த காரணத்தைப் பாருங்கள். அங்கே ஆண்டவருடைய விருந்துக்குக் கூடியவர்களில் வசதியுள்ளோர் முந்திக்கொண்டு வயிறார உண்டனர். ஏழைகள் பசியோடு நின்றனர். அவர்களைக் கடிந்துகொள்ளும்போதுதான் இயேசுவின் இராவுணவை அவர் நினைவூட்டினார். நற்கருணையை மறுத்தோரைக் கண்டித்த இஞ்ஞாசியாரும், அவர்களுக்கு விதவை, அநாதை, பசித்தோர் மேல் அக்கறை இல்லை என்பதை அதே இடத்தில் குறிப்பிட்டார். பீடத்தில் கிறிஸ்துவைப் பட்டாடையால் அலங்கரித்துவிட்டு, வெளியே குளிரில் வாடும் ஏழையில் அவரைப் புறக்கணிக்கலாகாது என்று நான்காம் நூற்றாண்டில் புனித அருளப்பர் கிறிசோஸ்தோம் போதித்தார்.

நம் நாட்டிலும் இதற்கு அழகிய சான்று உண்டு. 1964ஆம் ஆண்டில் பம்பாயில் அனைத்துலக நற்கருணை மாநாடு நடைபெற்றது. பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் அதில் கலந்துகொண்டார். பாப்பரசர் ஒருவர் இந்திய மண்ணில் கால் வைத்தது அதுவே முதல் தடவை. திரும்பும்போது, தாம் பயன்படுத்திய காரை அன்னை தெரேசாவுக்கு அளித்துச் சென்றார். அன்னையோ அதில் ஏறிச் செல்லவில்லை. சீட்டுக் குலுக்கலில் அதைப் பரிசாக வைத்து, கிடைத்த பணத்தைத் தொழுநோயாளருக்காகச் செலவிட்டார். அவருடைய சபையில் 1973 முதல் நாள்தோறும் ஒரு மணி நேரம் நற்கருணை ஆராதனை நடைபெறுகிறது. அப்பத்தின் தோற்றத்தில் வணங்கும் ஆண்டவரையே தெருவோரத்து ஏழையின் தோற்றத்திலும் காண்பதாக அன்னை அடிக்கடி கூறுவார்.

நற்கருணை வாங்கும்போது குருவானவருக்கு நாம் "ஆமென்" என்று பதில் சொல்கிறோம். "ஆம், அப்படியே" என்பது அதன் பொருள். அப்பமாகத் தோன்றுவதில் ஆண்டவரை ஏற்றுக்கொள்ளும் நமக்கு, உணவுப் பாத்திரம் கொண்டு வராமல் மதிய இடைவேளையில் மரத்தடியில் தனித்திருக்கும் தோழியில் அவரைக் காண்பது அரிதாகுமா? "எப்படி இருக்கிறார்?" என்று நம்மைக் கேட்பவர்கள் நம் விளக்கத்தோடு நம் நடத்தையையும் பார்க்கிறார்கள். அன்றாடம் நம் உணவைப் பகிர்ந்துண்டு, அவர்களுக்கு நல்ல விடையளிப்போமாக!