காபி கழுவிய தண்ணீர்



சேர்வராயன் மலையில் 1820-களிலேயே காபி காலூன்றியது. அங்குள்ள மாரமங்கலம் பக்கம் மார்கழியில் போனால் பழம் பறிப்பு மும்முரமாக இருக்கும்.

பழத்தோலை இயந்திரத்தில் உரித்தாலும், கொட்டைமேல் வெண்டைக்காய்ச் சாறுபோல வழுவழுப்பு ஒட்டியிருக்கும். ஊறவைத்துக் கழுவினால் அது தண்ணீரில் கரைந்து புளித்துப்போகும். கழுவிய தண்ணீரை அப்படியே ஓடையில் விட்டால், நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் திணறும்.

அந்தத் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்து புளிப்பை முறித்து, காற்றுப் புகாத தொட்டியில் விட்டால், நுண்ணுயிர்கள் மீத்தேன் வாயு தரும், அடுப்பெரிக்கலாம். மிஞ்சும் நீரில் காற்றைக் கலந்து இன்னும் சுத்தப்படுத்தித் தோட்டத்துக்குப் பாய்ச்சலாம்.

உரித்த தோலா? பழத்தின் எடையில் சுமார் 40 சதவீதம் அதுதான். சாணத்தோடு மக்கவைத்தால், காபிச் செடிக்கே உரம்!