மற்றவர்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள்?

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

மனிதன் விண்மீன்களின் எடையைக் கணக்கிட்டுவிட்டான். அணுவின் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டான். ஆனால் பக்கத்தில் நிற்கும் மனிதன் ஏன் இப்படி நடந்துகொள்கிறான் என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் தலையைச் சொறிந்துகொண்டுதான் இருக்கிறான்.

ஒரு நாளில் நம்மைத் திகைக்க வைப்பவர்கள் எத்தனை பேர்! பேருந்தின் உள்ளே தாராளமாக இடம் இருக்கும். படிக்கட்டை விட்டு ஓர் அங்குலம்கூட நகரமாட்டார் ஒருவர். வண்டி நிற்பதற்கு முன்பே சன்னல் வழியாகத் துண்டை வீசிவிட்டு, “ஆள் வருது” என்பார் இன்னொருவர். தேர்வு மண்டபத்தின் வாசலில் தலையில் கைவைத்துக்கொண்டு, “ஒண்ணுமே படிக்கலடா” என்று புலம்பும் நண்பன், முடிவு வரும்போது முதல் மதிப்பெண் வாங்கியிருப்பான். ரெக்கார்டு நோட்டை இரவல் வாங்கிப் போனவன் அதைச் செய்முறைத் தேர்வன்று காலையில் கொண்டுவந்து, “உனக்கும் வேணுமா?” என்று வியப்போடு கேட்பான்!

இவர்களைப் பார்த்து நாம் எரிச்சல் அடைகிறோம். பின்பு ஒரு தீர்ப்பும் வழங்கிவிடுகிறோம்: “அவன் அப்படிப்பட்டவன்.” வழக்கு முடிந்தது!

இது ஒரு விளக்கமா என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். “கல் ஏன் கீழே விழுகிறது?” என்ற வினாவிற்கு, “அது விழும் குணமுடையது” என்று இயற்பியல் மாணவன் விடை எழுதினால் எத்தனை மதிப்பெண் கிடைக்கும் என்பது நம் பேராசிரியர்களுக்குத் தெரியும். கல்லுக்குப் பொருந்தாத அந்த விடையை மனிதருக்கு மட்டும் எப்படிப் பொருத்துகிறோம்?

பிரௌன் கண்ட துகள்

1827ஆம் ஆண்டில் ராபர்ட் பிரௌன் என்னும் தாவரவியல் அறிஞர், மகரந்தத்தில் உள்ள நுண்துகள்களை நீரில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தார். அவை ஓயாமல் அங்கும் இங்கும் துள்ளின. உயிர் இருப்பதால் துள்ளுகின்றனவோ என்று ஐயுற்று, உயிரற்ற பொருள்களின் தூசியையும் இட்டுப் பார்த்தார். அதுவும் துள்ளியது! ஆக, துள்ளலுக்குக் காரணம் துகளின் உயிர் அன்று. பின் எது? கண்ணுக்குத் தெரியாத நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமிருந்தும் மோதித் தள்ளுவதே காரணம் என்று 1905இல் ஐன்ஸ்டீன் கணக்கிட்டு விளக்கினார்.

நம் கண்ணுக்குத் துகள் தெரிகிறது. அதைத் தள்ளுபவை தெரிவதில்லை. எனவே துகளே தன் விருப்பப்படி ஆடுகிறது என்று எண்ணுகிறோம். மனிதரைப் பார்க்கும்போதும் நிகழ்வது இதுவே எனலாம். ஆள் தெரிகிறார், அவரைத் தள்ளும் நெருக்கடி தெரிவதில்லை.

ஆளா, சூழலா?

இது வெறும் உவமை அன்று; உளவியல் அறிஞர்கள் சோதித்துப் பார்த்த செய்தி. 1967இல் எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் என்னும் இருவர், கியூபாவின் ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதப்பட்ட கட்டுரைகளை மாணவர்களிடம் படிக்கக் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்பது எழுதியவரின் விருப்பம் அன்று, அவருக்கு இடப்பட்ட கட்டளை என்று சொல்லியே கொடுத்தபோதும், ஆதரித்து எழுதியவர் உள்ளத்திலும் ஆதரவாளராகத்தான் இருப்பார் என்ற பக்கமே படித்தவர்களின் மனம் சாய்ந்தது. நம் பட்டிமன்றங்களில் மாமியார் கட்சியில் பேசிய மாணவியை மறுநாள் “மாமியார்” என்றே அழைக்கிறோம் அல்லவா, அதுபோலத்தான்! சூழலைக் குறைத்தும் குணத்தைக் கூட்டியும் மதிப்பிடும் இந்த வழக்கத்தை ‘அடிப்படைக் காரணம் கற்பிக்கும் பிழை’ என்னும் பொருள்படும் பெயரால் 1977இல் குறித்தவர் லீ ராஸ்.

இன்னொரு சோதனை இதைவிட வியப்பூட்டுவது. 1973இல் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் ஆகியோர் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் சமயக் கல்வி பயின்ற 40 மாணவர்களை அடுத்த கட்டடத்திற்குப் போய்ச் சிறு உரை நிகழ்த்தச் சொன்னார்கள். போகும் வழியில் ஒருவர் இருமி முனகியபடி சுருண்டு கிடந்தார். அது ஆராய்ச்சியாளர்களின் ஏற்பாடு. ‘நேரம் கடந்துவிட்டது, விரைந்து போ’ என்று அனுப்பப்பட்டவர்களில் 10 சதவிகிதத்தினரே உதவினர். நேரம் இருக்கிறது என்று அனுப்பப்பட்டவர்களில் 63 சதவிகிதத்தினர் உதவினர். வழியில் வீழ்ந்து கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனின் கதையைப் பற்றித்தான் பாதிப்பேர் பேசப் போனார்கள் என்பதே இதில் விந்தை! பேச்சுப் பொருளைவிட அவசரமே அவர்களின் கால்களை ஆண்டது.

துண்டு போடும் கணக்கு

இனி நம் பேருந்து நிலையத்துக்கு வருவோம். 50 இருக்கைகள், 80 பயணிகள். எல்லாரும் வரிசையில் நின்றாலும் 50 பேர்தான் உட்காரலாம்; முட்டி மோதினாலும் 50 பேர்தான். முட்டி மோதுவதால் ஓர் இருக்கைகூட அதிகமாவதில்லை. சட்டைப் பித்தான்கள்தாம் குறைகின்றன! அப்படியிருந்தும் ஏன் ஓடுகிறோம்?

ஒவ்வொருவரும் தமக்குள் போடும் கணக்கைப் பார்ப்போம். மற்றவர்கள் வரிசையில் நின்றால், நான் மட்டும் ஓடினால் எனக்கு இடம் உறுதி. மற்றவர்கள் ஓடினால், நான் மட்டும் நின்றால் எனக்கு இடமே இல்லை. ஆகவே மற்றவர்கள் எப்படி நடந்தாலும், ஓடுவதே எனக்கு இலாபம். இந்தக் கணக்கை எண்பது பேரும் போடுகிறார்கள். எண்பது பேரும் ஓடுகிறார்கள். முதியவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் நிற்கிறார்கள். கணிதத்தில் இதற்குக் ‘கைதிகளின் சிக்கல்’ என்று பெயர். 1950இல் மெரில் ஃபிளட், மெல்வின் டிரெஷர் ஆகியோர் வகுத்த இதற்கு, இரு கைதிகளின் கதையைச் சேர்த்துப் பெயர் தந்தவர் ஆல்பர்ட் டக்கர். தனித்தனியே அறிவோடு நடப்பவர்கள் ஒன்றாகச் சேரும்போது அறிவற்ற விளைவில் வந்து முடிவதே இதன் சாரம்.

துண்டு போடுபவர் குணத்தில் கெட்டவர் என்றால், எங்கும் துண்டு போட வேண்டும். இருக்கை எண் அச்சிட்ட முன்பதிவுச் சீட்டோடு தொலைதூரப் பேருந்துக்கு வரும்போது அவரே அமைதியாக வந்து, எண்ணைப் பார்த்து உட்காருகிறார். அதே மனிதர், அதே துண்டு. ஆனால் அது தோளில் இருக்கிறது!

படிக்கட்டுக்காரரும் அப்படியே. மூன்றாவது நிறுத்தத்தில் இறங்க வேண்டியவர் உள்ளே போனால், கூட்டத்தைப் பிளந்து வெளியே வரமுடியாதே என்று அஞ்சுகிறார். “ஒண்ணுமே படிக்கல” என்ற நண்பனோ, தோற்றால் ஒரு காரணத்தையும் வென்றால் இரட்டைப் புகழையும் முன்கூட்டியே சேமித்து வைக்கிறான். மதிப்பெண்ணைக் கொண்டே ஆளை எடைபோடும் இடத்தில், அது அவன் அணியும் கவசம்.

வகுப்பறையின் மௌனம்

இதுவரை சொன்னவை சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு.

வகுப்பில் பேராசிரியர் என்ட்ரோபி பற்றிப் பாடம் நடத்துகிறார். முடிவில், “ஏதாவது சந்தேகம் இருக்கிறதா?” என்று கேட்கிறார். ஒரு கையும் உயர்வதில்லை. ஆனால் அன்று இரவு வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒருவர், “இன்னைக்கு நடத்துனது யாருக்காவது புரிஞ்சுதா?” என்று கேட்டதும், “எனக்கும் புரியல”, “எனக்கும்தான்” என்று பதில்கள் மளமளவென்று வந்து விழுகின்றன. பகலில் ஊமையாக இருந்த வகுப்பு இரவில் வாய் திறக்கிறது!

1968இல் பிப் லடானே, ஜான் டார்லி நடத்திய ஒரு சோதனை இதற்கு விளக்கம் தருகிறது. ஓர் அறையில் மாணவரை உட்கார வைத்து, சுவரிலுள்ள துளை வழியாகப் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவிகிதத்தினர் எழுந்து போய்ச் சொன்னார்கள். எதுவும் நடவாததுபோல் இருக்கும்படி சொல்லிவைக்கப்பட்ட இருவரோடு உட்கார்ந்தவர்களில் 10 சதவிகிதத்தினரே சொன்னார்கள். மற்றவர்களெல்லாம் கண்ணைக் கசக்கிக்கொண்டு, புகைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். பிறர் முகத்தில் கலக்கம் இல்லை. ஆகவே ஆபத்தும் இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

1987இல் டேல் மில்லர், கேத்தி மெக்ஃபார்லண்ட் ஆகியோர் கண்டது இன்னும் நுட்பமானது. நாம் கேள்வி கேட்காததற்குக் காரணம் கூச்சம் என்று நமக்குத் தெரியும். பக்கத்தில் இருப்பவர் கேட்காததற்குக் காரணம் அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறோம். ஒரே மௌனம்; இரண்டு விளக்கம்! அவரும் நம்மைப் பார்த்து அப்படியே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இது வகுப்பறையோடு நிற்பதில்லை. கூலி வேலைக்குப் போகும் என் தாயார் இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவர். சர்க்கரை நோய்க்கு மருத்துவரிடம் அழைத்துப் போவேன். மருத்துவர் சொல்லச் சொல்ல, “சரிங்க டாக்டர், சரிங்க டாக்டர்” என்று தலையாட்டுவார். வெளியே வந்ததும், “என்னப்பா சொன்னாரு?” என்பார். எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பு, எது பின்பு என்பது உயிரோடு விளையாடும் செய்தி அல்லவா? ஏன் கேட்கவில்லை என்றால் அவர் சொல்வார்: “எல்லாரும் சரின்னுட்டுப் போறாங்க. பின்னால அவ்வளவு பேரு நிக்கிறாங்க. நான் மட்டும் எப்படிப்பா கேக்குறது?”

என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நம் கல்லூரியில் என்னைப் போன்றவர்கள் நிறையப் பேர். பள்ளியில் தமிழில் படித்த பாடத்தை இங்கே ஆங்கிலத்தில் கேட்கிறோம். வீட்டில் கேட்டுத் தெளிய ஆள் இல்லை. என் தாயார் மருத்துவர் முன் ஆட்டும் அந்தத் தலையைத்தான் நாங்களும் வகுப்பில் ஆட்டுகிறோம்.

இதன் விலை என்ன? முதலாண்டில் எங்களோடு சேர்ந்த சிலர் இன்று வகுப்பில் இல்லை. குடும்பச் சுமையால் நின்றவர்கள் உண்டு. ஆனால் இன்று திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒருவன், ஊர்த் திருவிழாவில் பார்த்தபோது சொன்ன சொல் என் நெஞ்சில் தைத்தது: “உங்களுக்கெல்லாம் புரிஞ்சுது. எனக்குத்தான் மண்டையில ஏறல.” அவன் அந்த வகுப்பில் கண்டது நாற்பது அமைதியான முகங்களை. அந்த முகங்களுக்குப் பின்னால் இருந்த குழப்பத்தை அறிய அவனுக்கு வழியில்லை. நாற்பது பேருக்கும் பொதுவான ஒரு சங்கடத்தைத் தன் ஒருவனுடைய குறை என்று தூக்கிக்கொண்டு அவன் வெளியேறினான். “படிப்பில் ஆர்வம் இல்லாத பையன்” என்று ஊர் அவனுக்கும் ஒரு தீர்ப்பு எழுதிவிட்டது.

ஒருவர் போதும்

அப்படியானால் யார்மீதும் குற்றமே இல்லையா என்று நண்பர்கள் கேட்கலாம். காரணத்தை அறிவது வேறு, மன்னித்துவிடுவது வேறு. அவசரத்தில் அனுப்பப்பட்டவர்களிலும் பத்துக்கு ஒருவர் நின்று உதவினாரே! சூழல் தள்ளுகிறது, ஆனால் கட்டிப்போடுவதில்லை. இரவல் போன ரெக்கார்டு நோட்டைத் திருப்பிக் கேட்கும் உரிமையை நான் எந்த உளவியலுக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை!

அந்தச் சூழலை மாற்ற எத்தனை பேர் தேவை? 1950களில் சாலமன் ஆஷ் என்பவர் செய்த சோதனையில் இதற்கு விடை இருக்கிறது. கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் மிக எளிய வினாவில், சொல்லிவைக்கப்பட்ட கூட்டம் முழுவதும் ஒரே குரலில் தவறான விடை சொன்னது. உண்மை தெரிந்தும், உடன் இருந்தவர் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட தடவைகள் கூட்டத்தோடு சேர்ந்து தவறாகவே சொன்னார். ஆனால் கூட்டத்தில் ஒரே ஒருவரைச் சரியான விடை சொல்ல வைத்தபோது, அந்தத் தவறு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. கூட்டத்தை வெல்ல இன்னொரு கூட்டம் தேவைப்படவில்லை.

எனவே நண்பர்களே, அடுத்த முறை ஒருவரின் நடத்தை நமக்கு விளங்காதபோது, “இவர் எப்படிப்பட்டவர்?” என்பதற்கு முன், “இவரை எது தள்ளுகிறது?” என்று ஒரு முறை கேட்டுப் பார்ப்போம். வகுப்பில் நமக்குப் புரியாத இடத்தில், மற்ற முகங்களைத் திரும்பிப் பார்க்காமல் கையை உயர்த்துவோம். உயர்த்துபவர் தமக்காக மட்டும் கேட்கவில்லை. நாளை நின்றுவிடக்கூடிய ஒருவருக்காகவும் கேட்கிறார்.

நம் பேராசிரியப் பெருமக்களிடமும் பணிவோடு ஒரு வேண்டுகோள். “சந்தேகம் இருக்கிறதா?” என்ற வினாவுக்கு மௌனமே எளிய விடையாகிவிடுகிறது. அதற்குப் பதிலாக, புரியாத ஓர் இடத்தைப் பெயர் போடாமல் துண்டுச் சீட்டில் எழுதித் தரும்படி பாடத்தின் முடிவில் கேளுங்கள். பேருந்தில் போடும் துண்டு ஓர் இருக்கையைத்தான் பிடிக்கும். இந்தத் துண்டுச் சீட்டோ, படிப்பை விட்டு நழுவ இருந்த ஒருவரைப் பிடித்து நிறுத்தும்.