கொடி தந்தார்கள், போலீஸைத் தரவில்லை

1944 பிப்ரவரியில் ஆற்காடு துரைசாமி லோகநாதன் போர்ட் பிளேரில் வந்து இறங்கினார். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் மருத்துவ அதிகாரியாக இருந்தவர். சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் சிக்கி, பிறகு இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து மேஜர் ஜெனரல் ஆனவர். இப்போது அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைமை ஆணையர். அவரோடு வந்தவர்கள் நான்கே பேர், அதிலும் ஒருவர் சுருக்கெழுத்தாளர். ஆங்கிலேயனிடமிருந்து மீண்ட முதல் இந்திய மண் என்று உலகத்துக்கே அறிவிக்கப்பட்ட இடத்தை நிர்வகிக்க இந்த ஐவர்தான் அனுப்பப்பட்டிருந்தார்கள்.

இது எப்படி நடந்தது என்று பார்க்க டோக்கியோ வரை போக வேண்டும். 1943 நவம்பர் 5, 6 தேதிகளில் அங்கே மகா கிழக்காசிய மாநாடு கூடியது. மஞ்சுகுவோ, நான்ஜிங் சீன அரசு, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், பர்மா ஆகியவற்றின் பிரதிநிதிகள் ஜப்பானியப் பிரதமர் டோஜோவோடு ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். பர்மாவுக்கு அந்த ஆகஸ்டிலும் பிலிப்பைன்ஸுக்கு அந்த அக்டோபரிலும்தான் 'சுதந்திரம்' கொடுத்திருந்தது ஜப்பான். போரில் காற்று திசைமாறிவிட்டது. எல்லா மக்களுக்கும் சுயாட்சி உரிமை உண்டு என்று சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் அட்லாண்டிக் சாசனம் என்று ஒன்றை வைத்துக்கொண்டு பேசும்போது, ஆசியாவை விடுவிக்க வந்தவன் நான் என்று காட்ட ஜப்பானுக்கும் ஏதாவது தேவைப்பட்டது. சுபாஷ் சந்திர போஸுக்கோ வேறொரு தேவை. அக்டோபர் 21 அன்று சிங்கப்பூர் கேத்தே அரங்கில் ஆசாத் ஹிந்த் தற்காலிக அரசை அமைத்துவிட்டார். பிரிட்டன் மீதும் அமெரிக்கா மீதும் போர் அறிவித்துவிட்டார். ஜெர்மனி, இத்தாலி உள்ளிட்ட அச்சு அணி நாடுகளின் அங்கீகாரமும் கிடைத்தது. இல்லாதது நிலம். நிலமில்லாத அரசாங்கத்தை யார் அரசாங்கம் என்பார்கள்?

மாநாட்டில் பார்வையாளராக மட்டுமே உட்கார்ந்த போஸுக்கு டோஜோ கொடுத்த பரிசுதான் அந்தமான். தீவுகளை விரைவில் தற்காலிக அரசிடம் ஒப்படைக்கத் தயார் என்று நவம்பர் 6 அன்று அறிவித்தார். இரு தரப்புக்கும் லாபமான பேரம். பேரத்தில் யாரும் கேட்காதது தீவுக்காரர்களை.

அவர்கள் ஏற்கெனவே ஒன்றரை வருடமாக ஜப்பானியரோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். 1942 மார்ச் 23 அன்று ஜப்பானியப் படை சண்டையே இல்லாமல் போர்ட் பிளேரில் இறங்கியபோது, ஆங்கிலேயன் போனான் என்று மகிழ்ந்தவர்கள் பலர். சிப்பாய்கள் வீடுகளுக்குள் நுழையத் தொடங்கியபோது அபர்டீன் பகுதியில் ஜுல்பிகர் அலி என்ற இளைஞர் ஏர்கன்னால் சுட்டார். யாருக்கும் காயமில்லை. ஆனாலும் ஊரார் கண்ணெதிரே அவரைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். அதற்கப்புறம் கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்துகொண்டிருந்த கப்பல்கள் நின்றன. அரிசி அருகியது. விமான ஓடுதளம் போட ஆட்களை இழுத்துப் போனார்கள்.

அப்புறம் வந்தது 'ஒற்றர்' வேட்டை. இதில் ஒரு கொடுமையான நகைமுரண் உண்டு. உண்மையான ஒற்றர் ஒருவர் இருந்தார். போருக்கு முன் போர்ட் பிளேரில் போலீஸ் அதிகாரியாக இருந்த டெனிஸ் மெக்கார்த்தி, 1943 ஜனவரியில் டச்சு நீர்மூழ்கிக் கப்பலில் வந்து, ஒரு சிறு குழுவோடு காட்டுக்குள் இருந்தபடி வேவு பார்த்தார். அவரை ஜப்பானியரால் பிடிக்க முடியவில்லை. பிடிபட்டவர்கள் ஊருக்குள் இருந்த எழுத்தர்களும் ஆசிரியர்களும் வியாபாரிகளும். செல்லுலார் சிறை மறுபடி நிரம்பியது. இந்திய சுதந்திர லீக்கின் உள்ளூர்த் தலைவர், டாக்டரும் பஞ்சாபிக் கவிஞருமான திவான் சிங்கை 1943 அக்டோபரில் பிடித்து அடைத்தார்கள். அதாவது, எந்த இயக்கத்தை ஜப்பான் தன் நண்பன் என்றதோ அதே இயக்கத்தின் தலைவர்.

அவர் உள்ளே கிடந்தபோதுதான் போஸ் வந்தார். டிசம்பர் 29 அன்று ஜப்பானிய விமானத்தில் இறங்கினார். ராஸ் தீவில், முன்பு பிரிட்டிஷ் ஆணையர் குடியிருந்த மாளிகையில் தங்கவைத்தார்கள். மறுநாள் ஜிம்கானா மைதானத்தில் மூவர்ணக் கொடி ஏறியது. அந்தமானுக்கு 'ஷஹீத்' என்றும் நிக்கோபாருக்கு 'ஸ்வராஜ்' என்றும் பெயர் சூட்டினார். செல்லுலார் சிறையையும் சுற்றிக்காட்டினார்கள், திவான் சிங் போன்றவர்கள் கண்ணில் படாதபடி. லீக்கைச் சேர்ந்தவர்கள் அவரிடம் தனியாக இரண்டு வார்த்தை பேச முயன்றும் வழி கிடைக்கவில்லை. போஸுக்கு எவ்வளவு தெரியும் என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. என் பார்வையில், தெரிந்திருந்தாலும் அவரால் பெரிதாக என்ன செய்திருக்க முடியும் என்பதுதான் கேள்வி. ஏறி வந்த விமானம், படுத்த வீடு, நின்ற காவல் எல்லாமே அடுத்தவனுடையது. அவர் திரும்பிப் போய் இரண்டு வாரத்தில், 1944 ஜனவரி 14 அன்று, திவான் சிங் சித்திரவதையின் விளைவாகச் சிறையில் இறந்தார். ஜனவரி 30 அன்று ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேரை நிற்கவைத்துச் சுட்டார்கள். இறந்தவர்களில் லீக் உறுப்பினர்களும் இருந்தார்கள்.

இந்த ஊருக்குத்தான் மூன்று வாரம் கழித்து லோகநாதன் வருகிறார்.

ஜப்பானியக் கடற்படை அவரை மரியாதையாகவே நடத்தியது. துறைகளைத் தருகிறோம் என்றார்கள். அவர் முதலில் கேட்டது போலீஸ். அது மட்டும் முடியாது. தீவுகள் போர்முனையில் இருக்கின்றன, போர் முடியும்வரை பாதுகாப்பு எங்கள் கையில்தான் என்றார்கள். ஒற்றர் வழக்குகள் பக்கம் அவர் தலைவைத்துப் படுக்கக் கூடாது. போலீஸ் இல்லாமல் மற்ற துறைகளை வாங்கி என் பெயரில் நீங்கள் செய்வதற்கெல்லாம் நான் கையெழுத்துப் போடுவதா என்று லோகநாதன் மறுத்துவிட்டார். கடைசியில் உருப்படியாகக் கைக்கு வந்தது கல்வித் துறைதான். தலைமை ஆணையர் பள்ளிக்கூடங்களைப் பார்த்துக்கொண்டார். சில மாதங்களில் உடல்நலம் கெட்டு, அந்த ஆண்டே தீவை விட்டுக் கிளம்பினார்.

அவருடைய மறுப்பை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. அதே காலத்தில் பர்மாவில் பா மாவ் அரசு மந்திரிசபை, தூதரகம் என்று எல்லாம் வைத்திருந்தது. தெருவில் அதிகாரம் ஜப்பானிய ராணுவப் போலீஸான கெம்பெய்தாயிடம் இருந்தது. அங்கே மந்திரியாக இருந்த ஆங் சானே 1945 மார்ச்சில் படையோடு ஜப்பானுக்கு எதிராகத் திரும்பினார். லோகநாதனுக்குத் திரும்ப ஒரு படையும் இல்லை. பெயரைக் கொடுக்காமல் இருப்பது ஒன்றுதான் அவர் கையில் இருந்தது.

தீவுகளில் அதற்குப் பிறகு நடந்தது இன்னும் மோசம். 1945 ஆகஸ்டில், உணவு தீர்ந்துகொண்டிருந்த வேளையில், பயிர் செய்ய வேறு தீவுக்குக் கூட்டிப்போகிறோம் என்று சொல்லி நூற்றுக்கணக்கானவர்களைக் கப்பலேற்றி, ஹாவ்லாக் தீவுக்கருகே கடலில் தள்ளினார்கள். கார் நிக்கோபாரிலும் ஒற்றர் பட்டம் கட்டிப் பலரைக் கொன்றார்கள். பாதிரியார் ஜான் ரிச்சர்ட்சன் மயிரிழையில் தப்பினார். பின்னாளில் முதல் மக்களவையில் தீவுகளின் நியமன உறுப்பினராக உட்கார்ந்தவர் அவர்தான். அக்டோபரில் அதே ஜிம்கானா மைதானத்தில் ஜப்பானியத் தளபதி சரணடைந்தார்.

தீவுகளைப் பற்றி டோக்கியோவில் கொடுத்த அந்த வாக்கு அதோடு செல்லாக்காசாகியிருக்க வேண்டும். ஆனால் 1945 கடைசியில் டெல்லி செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகளான ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவர் மீதும் ராஜத்துரோக விசாரணை நடந்தபோது வக்கீல் புலாபாய் தேசாய் அதைத்தான் எடுத்தார். தற்காலிக அரசு உண்மையான அரசு, அதை நாடுகள் அங்கீகரித்தன, அதற்குச் சொந்த நிலம் இருந்தது, எனவே அதன் படைவீரர்கள் துரோகிகள் அல்லர் என்பது அவர் வாதம். ஜப்பானிய வெளியுறவு அதிகாரிகளே வந்து சாட்சி சொன்னார்கள். நிலத்துக்குச் சாட்சி, லோகநாதன். தீவுகள் ஒப்படைக்கப்பட்டதைச் சொல்ல வந்தவர், போலீஸ் தரப்படவில்லை என்பதையும் அதனால் மற்ற துறைகளைத் தான் ஏற்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். அரசுத் தரப்புக்கு அது வசதியாகப் போனது.

நீதிமன்றம் மூவரையும் குற்றவாளிகள் என்றது. விதித்த தண்டனை, செல்லுலார் சிறையைக் கட்டவைத்த அதே பழைய தீவாந்தர சிட்சை, ஆயுளுக்கும். ஊரெல்லாம் கொந்தளித்துக் கிடந்ததால் தலைமைத் தளபதி ஆக்கின்லெக் 1946 ஜனவரியில் அதை ரத்து செய்தார்; ராணுவத்திலிருந்து நீக்கியதோடு மூவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.