உஷார்! தண்ணீர் பாட்டிலுக்குள் ஒரு கொல்லி

கொல்லிமலைக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறீர்களா? காரவள்ளியில் தொடங்கினால் மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். வாந்திக்கு மாத்திரை, எலுமிச்சம்பழம், பிளாஸ்டிக் கவர் எல்லாம் எடுத்து வைத்திருப்பீர்கள். கிளம்புவதற்கு முன்னால் இதையும் ஒரு தடவை படித்துவிடுங்கள். மலையில் விடுதி, ஹோட்டல், பேக்கரி வைத்திருப்பவர்கள் இரண்டு தடவை படியுங்கள்.

சமீபத்தில் சோளக்காடு பக்கம் சின்னதாக ஒரு தங்கும் விடுதியில் இரண்டு நாள் இருந்தேன். விடிகாலைக் குளிரில் வெந்நீர் கேட்டு அடுப்படிக்குள் போனேன். ஒரு பக்கம் விறகடுப்பு, நடுவில் கேஸ் அடுப்பு, மூலையில் புதிதாக ஒரு ஓவன். வருகிறவர்கள் கிரில் சிக்கன் கேட்கிறார்கள், பீட்சா கேட்கிறார்கள். மலையும் மாறித்தானே ஆக வேண்டும்! பாத்திரம் விளக்கும் தொட்டிக்குப் பக்கத்தில், தரையில், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். லேபிள் பாதி உரிந்திருந்தது. உள்ளே முக்கால்வாசி, சுனைத் தண்ணீர் போலத் தெளிவாக. எடுக்கக் குனிந்துவிட்டேன்.

“அண்ணா, அத எடுக்காதீங்க! அது ஓவன் கழுவற மருந்துங்க” என்று அலறினார் சமையல் செய்யும் அக்கா.

“மருந்தா? அத எதுக்குக்கா தண்ணி பாட்டில்ல வெச்சிருக்கீங்க?”

“பெரிய கேன்ல வாங்கியாந்தாங்க. தூக்கி ஊத்த முடியலைங்க. அதான் இதுல கொஞ்சம் ஊத்தி வெச்சேன். எனக்குத் தெரியுமுங்களே, நான் எடுத்துக் குடிச்சிருவனா?”

அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. வாசற்படியில் உட்கார்ந்து பலாக்கொட்டையை உருட்டிக்கொண்டிருந்த அவருடைய நாலு வயசுப் பேத்திக்கும் தெரியாது. பாட்டில் இருந்ததோ சரியாக அந்தக் குழந்தையின் கை எட்டும் உயரத்தில்.

கேனைக் காட்டச் சொன்னேன். மேலே மார்க்கரில் ‘ஓவன் கிளீனர்’ என்று இரண்டே வார்த்தை. யார் தயாரித்தது, உள்ளே என்ன இருக்கிறது, கண்ணில் பட்டால் என்ன செய்வது, ஒரு வரி கிடையாது. “கையுறை போடலியாக்கா?” என்று கேட்டதற்கு, விரல்களை விரித்துக் காட்டினார். நுனிகளில் ரேகையே தெரியவில்லை. தோல் வெளுத்து, மழமழவென்று, அங்கங்கே உரிந்து கிடந்தது. “பட்டா எரியாதுங்க. வழவழன்னு இருக்கும். எத்தனை கழுவுனாலும் அந்த வழவழப்பு போகாதுங்க” என்றார்.

பதறவைப்பது அந்த வழவழப்புதான்.

வழவழப்பு எங்கிருந்து வருகிறது?

ஓவனின் உள்சுவரில் எண்ணெயும் கொழுப்பும் தெறித்து, சூட்டில் கருகி, தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். சாதாரண சோப்புக்கு அது அசையாது. அதனால் கடுமையான ஓவன் கிளீனர்களில் சேர்க்கப்படும் முக்கியச் சரக்கு காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு. சோப்புத் தொழிற்சாலையில் எண்ணெயைச் சோப்பாக்குவதும் இதே காஸ்டிக் சோடாதான். ஓவன் சுவரில் இருக்கும் பிசுக்கை அது சோப்பாக மாற்றிவிடுகிறது; ஈரத்துணியால் துடைத்தால் வழித்துக்கொண்டு வந்துவிடும்.

இதில் சங்கடம், மாட்டுக் கொழுப்பு, கோழிக் கொழுப்பு, மனுஷக் கொழுப்பு என்ற பேதம் அதற்குக் கிடையாது. அந்த அக்காவின் விரலில் இருந்த வழவழப்பு மருந்தின் வழவழப்பு மட்டுமல்ல. அவருடைய தோலே கொஞ்சம் கொஞ்சமாகச் சோப்பாகிக்கொண்டிருந்தது.

ஆசிட் என்றால் நமக்குப் பயம் உண்டு. லட்சுமி என்ற பெண் தொடுத்த வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஆசிட் விற்பனைக்குக் கடிவாளம் போட்ட பிறகு அந்தப் பயம் இன்னும் கூடியது. ஆனால், அமிலத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்கும் காரத்தை யார் கண்டுகொள்கிறார்கள்? ‘காரம்’ என்றால் நமக்கு மிளகாய்தான் ஞாபகத்துக்கு வருகிறது. ஆசிட் பட்ட இடம் பெரும்பாலும் உறைந்து பொருக்குத் தட்டும். அந்தப் பொருக்கு ஓரளவு தடுப்புச் சுவர் போல நிற்கும். காரம் பட்ட இடம் கரையும். கரைந்த இடத்தின் வழியாக அது இன்னும் ஆழமாக இறங்கும். கண்ணில் பட்டால் கருவிழியைத் துளைத்துக்கொண்டு உள்ளே போக நிமிடங்கள் போதும்.

கொல்லிப்பாவையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிரித்துக்கொண்டே ஆளைக் கொல்லும் பாவை இந்த மலையில் இருந்ததாகச் சொல்வார்கள். காஸ்டிக் கரைசலும் அந்த ஜாதிதான். பார்க்கத் தண்ணீர். மூக்கை எச்சரிக்கும் அளவுக்கு நெடியும் கிடையாது. முதல் நிமிடத்தில் பெரிதாக எரியக்கூட எரியாது.

சாம்பலில் இருந்து ஸ்பிரே வரை

நம் பாட்டிகள் இதே வேலையைச் சாம்பலையும் தேங்காய் நாரையும் வைத்துச் செய்தார்கள். விறகுச் சாம்பலிலும் காரம் இருக்கிறது. ஆனால் அது காஸ்டிக்குக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி, சாது. உப்புக் கரைசலில் மின்சாரத்தைப் பாய்ச்சிக் காஸ்டிக் சோடா எடுக்கும் முறை 19-ம் நூற்றாண்டின் கடைசியில் தொழிற்சாலைக்கு வந்ததும், அண்ணன்காரன் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்தான். நம் மேட்டூரிலேயே பல பத்தாண்டுகளாகக் காஸ்டிக் சோடா தயாராகிறது.

அந்தக் காலத்து அமெரிக்கக் குடும்பங்கள் அடுப்படியில் காஸ்டிக்கை டப்பா டப்பாவாக வைத்துப் புழங்கின; குழந்தைகள் சர்க்கரை என்று எண்ணி வாயில் போட்டன. ஒரு வாய்த் தண்ணீர்கூட விழுங்க முடியாமல் உணவுக்குழாய் சுருங்கி வந்த குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்தே ஓய்ந்துபோனார் ஃபிலடெல்ஃபியா டாக்டர் செவாலியர் ஜாக்சன். டப்பாவின் மேல் ‘விஷம்’ என்று அச்சடித்தே ஆக வேண்டும் என்று வருஷக்கணக்கில் போராடினார். 1927-ல் அங்கே அதற்கென்றே சட்டம் வந்தது. கனடாவின் ரெஜைனா நகரில் ஹெர்பர்ட் மெக்கூல் என்பவர் ‘ஈசி-ஆஃப்’ என்ற ஓவன் கிளீனரை உருவாக்கியது அதற்கு ஐந்து வருஷம் கழித்து, 1932-ல். பிறகு ஸ்பிரே டப்பா வந்தது. 1963-ல் சுமார் 480 டிகிரி சூட்டில் பிசுக்கைத் தானே எரித்துச் சாம்பலாக்கிக்கொள்ளும் ஓவனும் வந்தது. காஸ்டிக் இல்லாத ரகங்களும் வந்தன.

1970-ல் அமெரிக்கா இன்னொரு சட்டம் போட்டது. அதன் கீழ் வந்த விதிப்படி, 2 சதவீதமோ அதற்கு மேலோ காஸ்டிக் கலந்த வீட்டு உபயோகத் திரவம் என்றால், குழந்தையால் எளிதில் திறக்க முடியாத மூடி இருந்தே ஆக வேண்டும். இரண்டே சதவீதத்துக்கு அத்தனை பூட்டு! தண்ணீர் பாட்டிலின் மூடியோ, நாலு வயசுப் பிள்ளை பல்லால் கடித்துத் திறக்கிற மூடி.

அடுப்படியில் நடக்கக்கூடியவை

ஒன்று, அலுமினியம். கரி பிடித்த அலுமினியப் பாத்திரம் பளபளக்கும் என்று இந்தக் கிளீனரை அதில் ஊற்றிவிடுகிறார்கள். ஊற்றினால் நுரைத்துப் பொங்கும், பாத்திரம் சூடாகும், அழுக்கு போகிறது என்று தோன்றும். கரைவது பாத்திரம். பொங்கி வருவது ஹைட்ரஜன், தீப்பிடிக்கும் வாயு. பக்கத்திலேயே விறகடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது.

இரண்டு, ஸ்பிரே. டப்பாவுக்குள் இருந்து மருந்தைப் பீய்ச்சித் தள்ளுவது பல ரகங்களில் நம் சமையல் கேஸின் குடும்பத்தைச் சேர்ந்த வாயு. எரியும் அடுப்புப் பக்கம் அடித்தால் தீப்பந்தம்தான். வெயிலில் நிற்கும் காருக்குள் டப்பாவை விட்டுப் போனாலும் வெடிக்கலாம்.

மூன்று, கலப்பு. ‘பிளீச்சிங் பவுடரும் கொஞ்சம், பாத்ரூம் ஆசிட்டும் கொஞ்சம்’ என்று கைப்பக்குவம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். இவை இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. ஜன்னல் சாத்திய குளிர்கால அடுப்படியில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். காஸ்டிக்கோடு ஆசிட் சேர்ந்தால் கொதித்து முகத்தில் தெறிக்கும். செதிளாக வாங்கிக் கரைப்பவர்கள் தண்ணீரில்தான் காஸ்டிக்கைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றினால், அதுவும் தெறிக்கும்.

நான்கு, சூடு. ஓவன் சூடாக இருக்கும்போதே அடித்தால் சீக்கிரம் கழன்று வரும் என்று ஒரு நம்பிக்கை. புகையாகக் கிளம்பி வந்து கண்ணையும் தொண்டையையும் பிடிக்கும். பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, சூடேற்றும் கம்பியில் படாமல்தான் போட வேண்டும்; ஈரத்துணியால் பல தடவை துடைத்தெடுக்க வேண்டும். ஓவனோடு வந்த குறிப்பில் ‘காஸ்டிக் கூடாது’ என்று இருந்தால், கூடாதுதான்.

70 வளைவும் வாந்தியும்

இப்போது மலைக்கு வருவோம். சமவெளியில் ஒரு குழந்தை இதைக் குடித்துவிட்டால் ஆட்டோ பிடித்துப் பத்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி. கொல்லிமலையில் செம்மேட்டு அரசு மருத்துவமனையில் முதல் சிகிச்சை முடிந்த பின், குழாய் விட்டு உணவுக்குழாயைப் பார்க்கும் பரிசோதனைக்கு நாமக்கல்லோ சேலமோ போக வேண்டி வரலாம். காரவள்ளி வழி என்றால் அந்த 70 வளைவையும் இறங்க வேண்டும்.

காஸ்டிக் குடித்தவர் வாந்தி எடுக்கவே கூடாது. உள்ளே போகும்போது ஒரு தடவை வெந்த தொண்டை, வெளியே வரும்போது இரண்டாவது தடவை வேகும். மூச்சுக்குழாய்க்குள் போனால் இன்னும் மோசம். திடமான ஆளையே குடலைப் புரட்ட வைக்கும் சாலை அது. ஆகவே, சொந்தக் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு கண்மண் தெரியாமல் இறங்காதீர்கள். முதலில் 108-ஐக் கூப்பிடுங்கள். செம்மேட்டில் காட்டிவிட்டு, அவர்கள் சொல்கிறபடி இறங்குங்கள்.

ஊரில் நாலு பேர் நாலு சொல்வார்கள். உப்புத் தண்ணி கொடு, சாணித் தண்ணி கரைச்சு ஊத்து, எலுமிச்சம்பழம் பிழி, முட்டை வெள்ளைக் கரு குடு... எதுவும் வேண்டாம். வாயை நல்ல தண்ணீரால் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். டாக்டர் சொல்லாமல் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உதட்டில் புண் இல்லை, பிள்ளை அழவில்லை என்று சும்மா இருந்துவிடாதீர்கள். வாயில் ஒன்றும் தெரியாமல் உணவுக்குழாய் வெந்திருக்கலாம், அது சில வாரம் கழித்துச் சுருங்கிச் சோறு இறங்காமல் செய்துவிடலாம்.

கண்ணிலோ தோலிலோ பட்டால் ஓடுகிற நல்ல தண்ணீர்தான் மருந்து. பட்ட துணியைக் கழற்றி எறியுங்கள். குறைந்தது 20 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். கண் என்றால் இமையைப் பிரித்துப் பிடித்துக் கழுவுங்கள். பிறகு ஆஸ்பத்திரி. பற்பசை, மஞ்சள், இங்க் எதையும் பூசாதீர்கள். பாட்டிலையோ கேனையோ கையோடு கொண்டு போங்கள்; டாக்டருக்கு அதுதான் துப்பு. டெல்லி எய்ம்ஸில் இருக்கும் தேசிய விஷத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117, இரவு பகல் எந்நேரமும் பேசலாம். மலையில் டவர் எல்லா இடத்திலும் எடுக்காது. எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள்.

காஸ்டிக் இல்லாமல் முடியாதா?

முடியும், கொஞ்சம் பொறுமை வேண்டும். ஆப்ப சோடாவைத் தண்ணீரில் குழைத்து, ஆறிய ஓவனின் சுவரில் பூசி ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் ஈரத்துணியால் தேய்த்தால் பெரும்பாலான பிசுக்கு வந்துவிடும். ஆப்ப சோடாவோடு வினிகரையும் கலந்தால் நுரை கண்ணுக்கு அழகாக இருக்கும். ஆனால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு வெறும் உப்புத் தண்ணீர்தான் மிஞ்சும். வாரம் ஒரு தடவை துடைத்தாலே தார் பிடிக்காது. காஸ்டிக் வாங்கித்தான் தீர வேண்டும் என்றால், லேபிள் உள்ளதை வாங்குங்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, கதவு ஜன்னலைத் திறந்து வைத்து வேலை பாருங்கள்.

நம் பேச்சுவழக்கில் எல்லாமே மருந்து. பூச்சி மருந்து, எலி மருந்து, வெடி மருந்து, இப்போது ஓவன் மருந்து. மருந்து என்றால் குடிப்பது என்றுதானே குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்? இனி விஷத்தை விஷம் என்றே சொல்லுங்கள்.

அன்றைக்கு அந்த அக்கா, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாட்டிலில் இருந்ததைக் கேனில் திருப்பி ஊற்றினார். பாட்டிலின் அடியை அரிவாள்மனையில் அறுத்து, இனி யாரும் எடுத்துத் தண்ணீர் பிடிக்க முடியாதபடி குப்பையில் போட்டார். கேன் பரண் மேல் ஏறியது. மொத்தம் ஐந்து நிமிட வேலை.

இதைப் படித்து முடித்த கையோடு எழுந்து போய் உங்கள் பாத்திரத் தொட்டிக்கு அடியில் ஒரு தடவை குனிந்து பாருங்கள். காஸ்டிக்கோ, ஆசிட்டோ, ஃபினாயிலோ, தண்ணீர் பாட்டிலிலும் கூல்டிரிங்ஸ் பாட்டிலிலும் ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது. இருந்தால், நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள். இப்போதே அப்புறப்படுத்துங்கள்.