மகிழ்ச்சிப் பட்டியலில் இந்தியாவுக்கு 118-ஆவது இடம்: மதிப்பெண் கணக்கிடப்படுவது எப்படி?

புதுதில்லி: உலக மகிழ்ச்சி அறிக்கை ஆண்டுதோறும் சர்வதேச மகிழ்ச்சி தினமான மார்ச் 20-ஐ ஒட்டி வெளியாகிறது. 2025-ஆம் ஆண்டு அறிக்கையில் 147 நாடுகளில் இந்தியா 118-ஆவது இடத்தைப் பெற்றது. நேபாளம் 92-ஆவது இடத்திலும், பொருளாதார நெருக்கடியில் தவித்த பாகிஸ்தான் 109-ஆவது இடத்திலும் இருந்ததால், இந்தக் கணக்கு எப்படிச் சரியாகும் என்ற கேள்வி வழக்கம்போல எழுந்தது.

இந்த மதிப்பெண்ணை வல்லுநர் குழு எதுவும் வழங்குவதில்லை. பூஜ்யம் முதல் பத்து வரை படிகள் கொண்ட ஓர் ஏணியைக் கற்பனை செய்யுமாறு மக்களிடம் கேட்கிறது கேலப் நிறுவனம். உச்சிப்படி ஒருவருக்கு வாய்க்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை; அடிப்படி மிக மோசமான வாழ்க்கை. தற்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதே கேள்வி. பெரும்பாலான நாடுகளில் ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் பேர் அளிக்கும் பதில்களின் மூன்றாண்டுச் சராசரியே தரவரிசையைத் தீர்மானிக்கிறது.

தனிநபர் வருமானம், சமூக ஆதரவு, ஆரோக்கியமான ஆயுள், வாழ்க்கை முடிவுகளை எடுக்கும் சுதந்திரம், ஈகை, ஊழல் குறித்த எண்ணம் ஆகிய ஆறையும் கூட்டியே மதிப்பெண் தயாரிக்கப்படுவதாகப் பரவலாக எழுதப்படுகிறது. அது சரியன்று. நாடுகளுக்கிடையிலான வேறுபாட்டை விளக்க மட்டுமே அவை பயன்படுகின்றன.

இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் உள்ள இடைவெளி உண்மையில் அரைப் படிக்கும் குறைவு. அதைப் பற்றிய சர்ச்சையில் மறைந்துபோவது வேறொன்று: தொடர்ந்து எட்டாவது முறையாக முதலிடம் பிடித்த பின்லாந்தின் சராசரி 7.7, இந்தியாவின் சராசரி 4.4.

இதற்கு வருமானம் ஒரு காரணம். ஆனால் பணம் பெருகப் பெருக அதன் பயன் சுருங்குகிறது. மாதம் 10,000 ரூபாய் ஈட்டும் குடும்பத்துக்குக் கூடுதலாக 10,000 ரூபாய் தரும் மனநிறைவைப் பெற, ஒரு லட்சம் ஈட்டும் குடும்பத்துக்கு ஏறத்தாழ இன்னொரு லட்சம் தேவைப்படும். நாடு வளர்ந்தாலும் நீண்டகால நோக்கில் மனநிறைவு அதற்கு ஈடாக உயர்வதில்லை என்று பொருளியலாளர் ரிச்சர்டு ஈஸ்டர்லின் 1974-லேயே சுட்டிக்காட்டினார். அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

துன்பம் நேரும்போது நம்பியிருக்க உறவினரோ நண்பரோ உண்டா என்ற கேள்விக்கான பதிலும் மதிப்பெண்ணோடு நெருங்கிய தொடர்புடையது. பின்லாந்து போன்ற நாடுகளில் நோயும் வேலையிழப்பும் ஒரு குடும்பத்தை எளிதில் கீழே தள்ளிவிடாதபடி அரசு தாங்குகிறது. இந்தியாவில் அந்தச் சுமையில் பெரும்பகுதியை உறவினரும் கடன் கொடுப்பவரும் தாங்குகின்றனர். தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, மொத்த மருத்துவச் செலவில் மக்கள் நேரடியாகத் தம் கையிலிருந்து செலுத்திய பங்கு 2013-14-இல் 64.2 சதவீதமாக இருந்தது. 2021-22-இல் அது 39.4 சதவீதமாகக் குறைந்தது.